காலணியை வெட்டிய கதை: சரியான ஜப்பானிய வினையைத் தேடிய 5 ஆண்டுகள்

ஜப்பானிய மொழியைக் கற்கத் தொடங்கி 5 ஆண்டுகள் ஆகின்றன. அவற்றுள் முதல் 2 ஆண்டுகள் கைபேசியிலிருந்த இலவச அகராதிச் செயலி ஒன்றையே முழுமையாக நம்பியிருந்தேன். ஒரு கட்டுரைப் பயிற்சியில், அணிதலைக் குறிக்கும் 'வேர்' என்ற ஆங்கில வினையைத் தேடி, முதலில் வந்து நின்ற 'கிரு' என்பதைச் சட்டை, காலணி, தொப்பி, மூக்குக்கண்ணாடி அனைத்துக்கும் பொருத்தி எழுதினேன். ஆசிரியை சட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றையும் அடித்தார். வெட்டுதலைக் குறிக்கும் வினையும் எழுத்தில் வேறுபட்டாலும் 'கிரு' என்றே ஒலிப்பதால், "காலணியை ஏன் வெட்டினீர்கள்?" என்றும் கேட்டார்.

பிழை செயலியுடையது அன்று, அதை நான் பயன்படுத்திய முறையுடையது. இத்தகைய செயலிகள் பலவற்றுக்கும் அடித்தளமாக இருப்பது ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜிம் பிரீன் 1991-இல் தொடங்கிய திறந்த அகராதிக் கோப்பிலிருந்து வளர்ந்த தொகுப்பாகும். அது ஜப்பானியச் சொல்லுக்கு ஆங்கிலப் பொருள் தருவதற்காக அமைந்தது. ஆங்கிலச் சொல்லை இட்டுத் தேடும்போது, அச்சொல் எந்தெந்தப் பதிவின் பொருளில் இடம்பெறுகிறதோ அவையெல்லாம் வந்து குவிகின்றனவே தவிர, எது எந்தப் பெயர்ச்சொல்லோடு சேரும் என்பது புலப்படுவதில்லை.

ஆகவே 3-ஆம் ஆண்டு முதல் வினையைத் தேடுவதை விட்டுப் பெயர்ச்சொல்லைத் தேடத் தொடங்கினேன். ஜப்பானின் தேசிய மொழி ஆய்வு நிறுவனம் 10 கோடிச் சொற்களுக்கு மேற்பட்ட தற்கால எழுத்துத் தரவகம் (உண்மையான எழுத்துப் பயன்பாடுகளின் தொகுப்பு) ஒன்றைத் தொகுத்திருக்கிறது. அதன்மீது அமைந்த இலவசத் தேடல் கருவியில் தொப்பிக்குரிய 'போஷி' என்பதை இட்டால், இரண்டாம் வேற்றுமை உருபான 'ஓ'வை அடுத்து வரும் வினைகள் எண்ணிக்கையோடு வரிசைப்படுகின்றன. தொப்பிக்குக் 'கபுரு', காற்சட்டைக்கும் காலணிக்கும் 'ஹகு', கண்ணாடிக்குக் 'ககெரு', கழுத்துப்பட்டைக்கு 'ஷிமெரு' என்று ஒவ்வொன்றும் தன் துணையோடு மனத்தில் பதிந்தது இப்படித்தான். அணியும்போது இத்தனையாகப் பிரியும் சட்டையும் காலணியும் தொப்பியும், கழற்றும்போது மட்டும் 'நுகு' என்ற ஒரே வினையில் ஒன்றுகூடிவிடுவது இன்றும் எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது.

ஆங்கிலத்தின் வழியே போனதால் என் தாய்மொழி ஏற்கெனவே அறிந்திருந்ததை மறந்திருந்தேன் என்பதும் பின்னர்தான் புரிந்தது. கொடுத்தலுக்கு ஆங்கிலத்தில் ஒரே வினை போதும். ஜப்பானியத்தில் எனக்கோ என்னைச் சார்ந்தவர்க்கோ வருவது 'குரெரு', பிறருக்குப் போவது 'அகெரு'. தருதல் தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடுத்தல் படர்க்கைக்கும் உரியவை என்று தொல்காப்பியம் வகுத்ததை நினைத்துக்கொண்டபோது, பல மாதக் குழப்பம் ஒரே மாலையில் தீர்ந்தது. முன்னிலையில் மட்டும் வழி பிரிகிறது: 'உனக்குத் தருகிறேன்' என்பதற்கு அங்கே 'அகெரு'தான்.

ஆயினும் தமிழை அப்படியே நம்பவும் முடியாது. மாத்திரையைச் 'சாப்பிடுகிறோம்' என்பதால் 'தபெரு' என்று எழுதினேன். விழுங்குவதையும் குடிப்பதையும் சேர்த்துக் குறிக்கும் 'நொமு' என்று திருத்தம் வந்தது. பேச்சுத்தமிழின் 'போடு' என்பதோ 'வேர்' என்ற ஆங்கில வினையைவிடவும் பரந்தது. சட்டை, செருப்பு, கண்ணாடி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

தரவகக் கருவிக்கும் குறைகள் உண்டு. ஜப்பானிய எழுத்தைப் படிக்கத் தெரியாத தொடக்கநிலையினருக்கு அது எளிதன்று. பெரும்பாலும் எழுத்துமொழியைத் தொகுத்ததாகையால் வீட்டுப் பேச்சுக்கு முழுச் சான்றாகாது. படிக்கும்போது எதிர்ப்படும் அறியாத சொல்லுக்குப் பழைய செயலியையே இன்றும் திறக்கிறேன், அந்த வேலைக்கு அது போதும். கைக்கடிகாரத்துக்கு மட்டும் 'ஸுரு', 'ஹமெரு', 'ட்சுகெரு' மூன்றும் கிடைக்கின்றன. எது இயல்பென்று நான் கேட்ட ஜப்பானியர் இருவர் ஆளுக்கொன்று சொன்னதால், இப்போதைக்கு 'ஸுரு'வோடு நின்றிருக்கிறேன்.