ரெடிமேட் ஃப்யூவல் லைன் செட் வாங்குகிறவர்கள் கவனிக்க: 37 என்று சொல்லி 45 டிகிரி ஃப்ளேர்

வீட்டில் கட்டும் விமானத்துக்கு "வளைத்து, ஃப்ளேர் போட்டு, அப்படியே மாட்டலாம்" என்று விற்கப்பட்ட அலுமினிய ஃப்யூவல் லைன் செட் ஒன்றைப் பற்றிய எச்சரிக்கை இது (ஃப்ளேர் என்பது, ஃபிட்டிங்கின் கூம்பில் உட்காரும்படி டியூபின் வாயை விரிப்பது). அமெரிக்காவில், இரண்டு இருக்கை கொண்ட, இறக்கை கீழே அமைந்த உலோக விமானம் ஒன்றுக்காக வரவழைத்தது. டேங்குகளிலிருந்து செலக்டர் வால்வுக்கு (எந்த டேங்க் என்று தேர்ந்தெடுப்பது) இரண்டு, அங்கிருந்து ஃபில்டருக்கும் பம்புக்கும் ஃபயர்வாலுக்கும் (எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவர்) ஒவ்வொன்று, ஆக ஐந்து துண்டுகள். விளம்பரத்தில் இருந்தது: 3/8 அங்குல 5052-ஓ (மென்மையான அலுமினியக் கலவை) டியூப், சுவர் தடிமன் 0.035 அங்குலம், 37 டிகிரி ஏ.என் (விமான ஃபிட்டிங்குகளின் தர அளவு) ஃப்ளேர். வந்த ஐந்தில் ஒன்றுகூட அப்படி இல்லை.

முதல் குறை ஃப்ளேரில். விமான ஏ.என் ஃபிட்டிங்கின் கூம்பு, அச்சிலிருந்து 37 டிகிரி. கார் பிரேக் லைனுக்கும் ஏர்கண்டிஷனர் வேலைக்கும் கடைகளில் கிடைக்கும் ஃப்ளேரிங் டூல் 45 டிகிரி. வந்த செட் முழுவதும் 45. கண்ணால் பார்த்தால் சட்டென்று தெரியாது. நட்டும் ஒழுங்காக மரையேறும். ஆனால் உள்ளே கூம்பின் முனை ஃப்ளேரின் கழுத்தை மட்டும் தொடும், பின்னால் ஸ்லீவ் (நட்டுக்குள் டியூபைச் சுற்றி உட்காரும் வளையம்) ஃப்ளேரின் வெளி விளிம்பை மட்டும் தள்ளும். நட்டை முறுக்க முறுக்க, ஏற்கனவே விரிந்த அலுமினியம் எட்டு டிகிரி திரும்ப மடங்குகிறது. இரண்டாவது முறை வளையும் அலுமினியம் கடினமாகும். எஞ்சின் அதிர்வில் விரிசல் பிறக்கும் இடம் அந்தக் கழுத்துதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மார்க்கர் போதும். ஃபிட்டிங்கின் கூம்பு முழுக்க மை பூசுங்கள், டியூபைக் கையால் அழுத்தி அரைச் சுற்று திருப்புங்கள், எடுத்துப் பாருங்கள். கோணம் சரியென்றால் மை அகலமான பட்டையாக ஃப்ளேரில் ஒட்டியிருக்கும். கழுத்தில் நூல் மாதிரி ஒரு வளையம் மட்டும் இருந்தால் அது 45. நட்டை ரெஞ்ச் போட்டு இறுக்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். இறுக்கிய பிறகு "பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்" என்பதுதான் பதில். இந்த விற்பனையாளரும் அதையேதான் சொன்னார்.

அடுத்தது வளைவுகள். 3/8 அங்குல அலுமினிய டியூபுக்கு எஃப்.ஏ.ஏ.வின் (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) ஏ.சி. 43.13-1பி என்ற ஆலோசனைச் சுற்றறிக்கை கொடுக்கும் குறைந்தபட்ச வளைவு ஆரம் 15/16 அங்குலம். வளைவில் தட்டையானாலும், குறுகிய பக்கம் முதல் விட்டத்தில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. அதாவது 0.375-இல் 0.281. வெர்னியர் வைத்து அளந்ததில் மூன்று வளைவுகள் 0.25 அங்குலத்தில் நின்றன. டூலின் விளிம்பு பதிந்த தடம் ஒன்று வளைவின் உட்புறத்திலேயே இருந்தது. நேரான பகுதியில் சுவர் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆழமில்லாத கீறலைத் தேய்த்துச் சரிசெய்ய அனுமதி உண்டு. வளைவிலேயே இருந்தால் அந்தத் துண்டு போனதுதான்.

டியூபில் எந்த அச்செழுத்தும் இல்லை. ஒழுங்கான விமான டியூபில் உலோகக்கலவை எண்ணும் டெம்பரும் (எவ்வளவு கடினம் என்ற குறி) நீளவாக்கில் அச்சிட்டிருக்கும். 5052-ஓ மென்மையானது, வளைத்தால் வளைந்தபடி நிற்கும். இது வில் மாதிரி திரும்பி வந்தது. கடினமான டியூபை ஃப்ளேர் செய்தால் உதடு பிளக்கும், பூதக்கண்ணாடியில் பார்த்தால் இரண்டு வாய்களில் மயிரிழைப் பிளவு தெரிந்தது. உள்ளே ரம்பத்தால் அறுத்த அலுமினியத் தூள் வேறு. அது செலக்டர் வால்வின் சீலைக் கீறும், கார்புரேட்டர் ஊசி வால்வில் போய் உட்காரும்.

புகாருக்கு வந்த யோசனைகள் இரண்டு: டெஃப்லான் டேப் சுற்றுங்கள், இன்னும் கால் சுற்று முறுக்குங்கள். இரண்டையும் யாரும் செய்யாதீர்கள். ஃப்ளேர் இணைப்பில் உலோகத்தோடு உலோகம் உட்கார்ந்துதான் அடைப்பு. டேப் அதற்குத் தடை, பிய்ந்து வரும் துணுக்கு ஃபில்டரை அடைக்கும். அலுமினிய 3/8 டியூபுக்கு முறுக்கு அளவு 75 முதல் 125 இன்ச்-பவுண்டு. அதற்குள் கசிவு நிற்கவில்லை என்றால் கழற்றிப் பார்க்க வேண்டும், கூடுதலாக முறுக்கினால் ஃப்ளேர் நசுங்கி மெலியும்.

இறக்கை கீழே உள்ள விமானத்தில் இது ஏன் இத்தனை ஆபத்து? டேங்கிலிருந்து பம்பு வரையுள்ள லைன், பம்பு ஓடும்போது உறிஞ்சும் பக்கம். அங்கே இணைப்பு சரியில்லை என்றால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். 100 எல்.எல். என்ற விமானப் பெட்ரோலின் நீலக் கறையைத் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. ஃப்யூவல் பிரஷர் முள் ஆடுவதுதான் முதல் அறிகுறி, அதுவும் பறக்கும்போது. அதனால் ஒவ்வொரு லைனையும் தனியாக வெளியே வைத்து, ஒரு முனையை ஏ.என் மூடியால் அடைத்து, மறுமுனையில் 5 பி.எஸ்.ஐ. காற்று கொடுத்துச் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். டேங்கோடு சேர்த்து இந்த அழுத்தம் கொடுக்கவே கூடாது.

எக்ஸ்பெரிமென்டல் வகை (வீட்டில் கட்டுபவை சேரும் பிரிவு) விமானத்தின் இத்தகைய பாகங்களுக்கு எஃப்.ஏ.ஏ.வின் உற்பத்தி அனுமதி தேவையில்லை. ஆகவே விற்கிறவரை முன்கூட்டி யாரும் சோதிப்பதில்லை, முதல் சோதனையாளர் கட்டுகிறவர்தான். சொந்தமாகச் செய்வது அத்தனை கஷ்டமும் இல்லை. தடித்த கம்பியில் முதலில் அச்சு வளைத்துக்கொள்ளுங்கள். 15/16 ஆரமுள்ள பெண்டர், பார்க்கர் ரோலோ-ஃப்ளேர் போன்ற 37 டிகிரி டூல், சக்கரக் கட்டர் இருந்தால் போதும். கட்டரைச் சுற்றுக்குச் சுற்று சிறிதளவே இறுக்குங்கள். வெட்டிய வாயின் உள்ளும் வெளியும் பிசிறு எடுத்து, 400 எண் உப்புத்தாளால் வழுவழுப்பாக்குங்கள், ஏனெனில் பிளவு தொடங்குவது பிசிறில்தான். பிறகு நட், ஸ்லீவ், இந்த வரிசையில் டியூபில் கோர்த்துவிட்டு ஃப்ளேர் செய்யுங்கள். இதை மறந்து வெட்டியெறிந்த டியூப் எல்லாப் பட்டறையிலும் உண்டு. டூலின் கூம்பில் ஒரு சொட்டு எண்ணெய். ஃப்ளேரின் உதடு ஸ்லீவின் வெளிவிட்டத்தைத் தாண்டாமல் நிறுத்துங்கள். இரண்டு முனைக்கு நடுவே நேர்க்கோடாக ஓடவிடாமல் ஒரு வளைவாவது வையுங்கள், வெப்பத்துக்கும் அதிர்வுக்கும் அது இடம் கொடுக்கும். கையால் இழுத்துப் பிடித்தால்தான் ஃபிட்டிங்கில் உட்காரும் என்றால் அந்தத் துண்டு தப்பு. 16½ அங்குலத்துக்கு ஒரு கிளாம்ப்.

இதே மாதிரி செட் ஏற்கனவே மாட்டியிருந்தால் ஒவ்வொரு முனையாகக் கழற்றி மைச் சோதனை செய்யுங்கள். 45 என்று தெரிந்தால் வாயை வெட்டி மறுபடி ஃப்ளேர் போடப் பெரும்பாலும் நீளம் மிஞ்சாது, டியூபை மாற்றத்தான் வேண்டும். நட்டைத் திரும்பப் பயன்படுத்தலாம். ஸ்லீவின் வாய் விரிந்திருக்கிறதா, ஃபிட்டிங் கூம்பின் முனையில் வளையத் தடம் பதிந்திருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அதையும் மாற்றிவிடுங்கள்.