வேலூர் லாங் பஜார் பஞ்சுக் கடையில் தைத்த தலையணை: கழுத்து நரம்பு வலிக்காரனின் அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தத் தலையணை என் கழுத்தைக் குணமாக்கவில்லை. ராத்திரி மூன்று மணி நேரம் தூங்கிக்கொண்டிருந்தவன் இப்போது ஐந்து மணி நேரம் தூங்குகிறேன், அவ்வளவுதான். என்னைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும், மற்றவர்கள் மேலே படிக்காமல் போனாலும் பரவாயில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் காட்பாடி போகிற வழியில் பைக்கோடு பள்ளத்தில் விழுந்தேன். எலும்பு முறியவில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது, பத்து நாள் கழித்து வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. கழுத்து வலி என்றால் கழுத்தில்தானே வலிக்க வேண்டும், எனக்குத் தோள்பட்டையிலிருந்து கட்டைவிரல் வரை கரண்ட் அடித்தது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது கழுத்தில் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற டிஸ்க் பிதுங்கி, கட்டைவிரல் பக்கம் போகிற நரம்பின் வேரை அழுத்துவதாகச் சொன்னார்கள். நான் பள்ளிக்கூட வாத்தியார். நோட்டுத் திருத்தும்போது சிவப்புப் பேனா விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்த பிறகுதான் தெரியும், விழுந்த சத்தம் கேட்டுத்தான் தெரியும்.

இந்த வலியில் ஒரு வினோதம் உண்டு. கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் நரம்பின் இழுவிசை தளர்ந்து கொஞ்சம் சுகமாக இருக்கும். ஆனால் நம் வீட்டில் தலையில் கை வைத்து உட்கார முடியுமா? "என்னடா, குடியா முழுகிப்போச்சு, கையை எடு" என்று அம்மா இன்றைக்கும் திட்டுகிறார்.

சரி, தலையணைக்கு வருகிறேன். முதலில் ஆன்லைனில் மெமரி ஃபோம் தலையணை ஒன்று 1,800 ரூபாய்க்கு வாங்கினேன், கம்பெனி பெயர் வேண்டாம். டிசம்பரில் வந்தது, நன்றாகவே இருந்தது, நாலு பேருக்குச் சிபாரிசும் செய்தேன். ஏப்ரல் வந்ததும் பழைய வலி அப்படியே திரும்பியது. அந்த ஃபோமுக்கு ஒரு குணம், சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். ஏ.சி. அறையில் படுப்பவர்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியாது. வேலூர்க் கோடையில், ராத்திரி பதினொரு மணிக்கும் மாடித் தளத்தின் அனல் இறங்குகிற அறையில், தலை உள்ளே புதைந்து கழுத்து ஒரு பக்கமாக மடங்கிவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்குக் கை எரிந்துகொண்டு எழுந்து, காதைச் சுற்றி வேர்வை ஊற, இனி இதற்கு முடிவே கிடையாதா என்று உட்கார்ந்திருப்பேன். உடல் முடங்கியவர்களுக்காக இங்கே பாகாயத்தில் மறுவாழ்வு மையத்தைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ் கதையை எல்லோரும் எனக்குச் சொல்வார்கள், 1954 விபத்தில் கால்கள் செயலிழந்தும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே ஆபரேஷன் செய்தவர் என்று. உண்மையிலேயே பெரிய மனுஷி, ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு அந்தக் கதை வேலை செய்வதில்லை ஐயா.

என்னோடு வேலை செய்கிற ஆசிரியர் சொல்லித்தான் லாங் பஜார் பக்கத்துச் சந்தில் இருக்கிற அந்தப் பஞ்சுக் கடைக்குப் போனேன். பெயர்ப் பலகை கிடையாது, கோடு போட்ட மெத்தைத் துணி வாசலில் சுருட்டி நிற்கும், அதுதான் அடையாளம். கடைக்கார பாயிடம் கழுத்து விஷயத்தைச் சொன்னேன். "எந்தப் பக்கம் படுப்பீங்க வாத்தியாரே?" என்றார். இந்தக் கேள்வியை இதுவரை எந்தத் தலையணைக் கடையிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. பெஞ்சில் ஒரு பழைய மெத்தையைப் போட்டு என்னை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். காதுக்கும் மெத்தைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் உள்ளங்கையை நிறுத்திப் பார்த்து, தையல் டேப்பில் அளந்து, நாலரை அங்குலம் என்று துணியிலேயே சாக்பீஸால் எழுதினார். பஞ்சு அமுங்கும் என்பதால் ஒரு அங்குலம் கூடுதலாக அடைக்க வேண்டும் என்றார். மல்லாந்து படுக்கும்போது பிடரிக்கு அடியில் வைக்க, சப்பாத்திக் கட்டை கனத்தில் சின்ன உருளை ஒன்றும் தனியாக. இரண்டுக்கும் சேர்த்து 700 ரூபாய், இலவம்பஞ்சு.

குறைகளும் உண்டு. வியாழக்கிழமை தருகிறேன் என்றவர் திங்கட்கிழமைதான் தந்தார், அதற்குள் மூன்று முறை போன் செய்ய வேண்டியிருந்தது. பஞ்சில் இலவங்கொட்டை சரியாக எடுக்கவில்லை, ஒன்று மிகச் சரியாகப் பிடரியில் வந்து குத்தியது, ஒரு ஓரத்தைப் பிரித்து நானே எடுத்தேன். அப்போது பறந்த தூசியில் தும்மல் வந்தது, டிஸ்க் பிதுங்கியவன் தும்மினால் என்ன ஆகும் என்று கேட்கவே வேண்டாம், கட்டைவிரல் நுனி வரை மின்னல். ஆறு மாதத்தில் பஞ்சு அமுங்கி உயரம் நாலுக்கு வந்துவிட்டது, மீண்டும் கொண்டுபோனேன், கொஞ்சம் பஞ்சு சேர்த்து 100 ரூபாய் வாங்கினார்.

நரம்பு வலிக்கான பிரீகாபலின் மாத்திரை இன்னும் ராத்திரி போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், முதல் பீரியட் வரை தூக்கம் தெளியாது. மோவாயை உள்ளே இழுக்கிற பயிற்சியும் தினம் செய்கிறேன். அப்புறம் ஒரு விஷயம், சுளுக்கு எடுக்கிறேன் என்று யாராவது கழுத்தைத் திருப்ப வந்தால் தலையைக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு கையும் தடுமாறுகிறது, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் அடக்க முடியவில்லை என்றால் தலையணை தேடிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. கொட்டையைப் பொறுக்கியிருந்தால் நாலு கொடுத்திருப்பேன். கடைக்குப் போவதானால் வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீர்கள், பூட்டியிருக்கும். வீட்டில் பழைய இலவம்பஞ்சுத் தலையணை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், அந்தப் பஞ்சையே அடித்துச் சேர்த்துக்கொண்டு விலையைக் குறைப்பார்.