லோயர் ஆர்ம்: ஒற்றைத் தகடா, வெல்டிங் செய்த இரட்டை ஷெல்லா?

சிறிய ஹேட்ச்பேக் காரின் முன்பக்க லோயர் ஆர்மை, அதாவது சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கையை, எஃகுத் தகட்டில் செய்வதற்கு இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன. 2.3 மி.மீ. தகட்டில் மேல் ஷெல், கீழ் ஷெல் இரண்டையும் தனித்தனியாக அழுத்தி எடுத்து, விளிம்புகளைச் சேர்த்து சிஓடூ (கரியமில வாயுக் காப்பில் செய்யும்) வெல்டிங்கில் பெட்டியாக மூடுவது ஒன்று. 4 மி.மீ. தகட்டை ஒரே துண்டாக, கவிழ்த்த ‘ப’ வடிவில் ஆழமாக அழுத்துவது இன்னொன்று. வார்ப்பிரும்பும் ஃபோர்ஜிங் அலுமினியமும் இருக்கின்றன. இந்த விலை வரம்பில் அவை போட்டிக்கே வராது.

நாங்கள் தேர்ந்தெடுத்தது ஒற்றைத் தகடு. எடைக்காகவோ விலைக்காகவோ அல்ல. வெல்டிங்கை நாள் தவறாமல் ஒரே தரத்தில் கட்டிக்காப்பதில் உள்ள பாட்டைக் கணக்கில் எடுத்தால் வேறு முடிவுக்கு வர முடியவில்லை.

எடை விஷயம் சட்டென்று முடிந்துவிடும். 2.3-ஐ இரண்டால் பெருக்கினால் 4.6, ஒற்றைத் தகடு 4. ஆனால் திறந்த வடிவத்துக்கு வளைவு வலு வேண்டுமானால் பக்கச் சுவரை ஆழமாக இறக்க வேண்டும். மிச்சப்படும் எடையில் பெரும்பகுதி அங்கேயே போய்விடுகிறது. பிரஸ் திறனில் இரட்டை ஷெல்லுக்கே லாபம். வெட்டு விசை என்பது சுற்றளவு, தடிமன், வெட்டு வலிமை மூன்றின் பெருக்கல். வெட்டு வலிமை இழுவலிமையில் சுமார் 80% என்று வைத்துக்கொள்ளலாம். சுற்றளவு 1,400 மி.மீ. என்றால் 440 ரகத்தில் (இழுவலிமை 440 மெகாபாஸ்கல்) 2.3 மி.மீ. ஷெல்லுக்கு 115 டன் போதும். 590 ரகத்தில் 4 மி.மீ. தகட்டுக்கு 270 டன் வரும். அதோடு, 590 தகடு அறுபடும் கணத்தில் பிரஸ் வாங்கும் எதிர் அதிர்ச்சியும் பெரிது. பஞ்ச்சின் (தகட்டை வெட்டும் கருவியின்) முகத்துக்குச் சரிவு கொடுக்காமல் ஓட்டினால் பிரஸ்ஸின் பேரிங்குகள்தான் அடி வாங்கும்.

இனி வெல்டிங். தகட்டின் இழுவலிமையை 440-லிருந்து 590-க்கோ 780-க்கோ உயர்த்தினாலும், வெல்டிங் செய்த இணைப்பின் களைப்பு வலிமை (திரும்பத் திரும்ப வரும் சுமையைத் தாங்கும் திறன்) அதற்கேற்ப உயர்வதில்லை. பீட் (உருகி உறைந்த வெல்டிங் வரி) தகட்டோடு சேரும் ஓரத்தில் உள்ள கூர்மையான மூலையும், அங்கே தேங்கி நிற்கும் வெப்பத் தகைவும்தான் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இரட்டை ஷெல்லில் விலையுயர்ந்த தகடு வாங்கினாலும் மெலிதாக்கும் பலன் கிடைக்காது. பழைய தடிமனிலேயே நிற்க வேண்டியதுதான். ஒற்றைத் தகட்டில் அதிகச் சுமை வாங்கும் வளைவுகளில் வெல்டிங் இல்லை. அதனால் தகட்டின் வலிமை முழுவதும் வேலைக்கு வருகிறது.

ஒற்றைத் தகட்டில் வெல்டிங் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. முன் புஷ்ஷுக்கான (அதிர்வை வாங்கும் ரப்பர் உருளைக்கான) குழாய்த் துண்டைப் பெரும்பாலும் பற்றவைத்தே ஆக வேண்டும். அங்கே 160 மி.மீ. நீளம். இரட்டை ஷெல்லின் இரு பக்கத் தையலும் சேர்ந்து 600 மி.மீ.க்குக் குறையாது, குழாய் வெல்டிங் அதற்கு மேல் தனி. நிமிடத்துக்கு 80 செ.மீ. வேகத்தில் 160-க்கு 12 விநாடி ஆர்க், 600-க்கு 45 விநாடி. நேரத்தை ரோபோவைக் கூட்டிச் சமாளிக்கலாம். தொடக்கமும் முடிவும் கூடுகின்றனவே, அதுதான் தொல்லை. பீட் முடியும் இடத்துப் பள்ளத்தை நிரப்பாமல் டார்ச் விலகினால் விரிசலுக்கு அதுவே வாசல். தையலை எங்கே முடிப்பது என்பதை டிசைனர் வரைபடத்தில் குறித்தே தர வேண்டும். குறிக்காவிட்டால், ரோபோவுக்கு எட்டும் இடத்தில் முடியும். அது அதிகத் தகைவு உள்ள மூலையாகவும் இருக்கலாம்.

அடுத்தது இடைவெளி. இரண்டு ஷெல்லும் வேறு வேறு டையிலிருந்து (அழுத்தும் அச்சு), சில வேளை வேறு வேறு காயிலிலிருந்து (தகட்டுச் சுருள்) வருகின்றன. இரண்டின் ஸ்பிரிங்பேக்கும் (அழுத்தம் விட்டதும் தகடு மீண்டு விரிவது) ஒன்றாக இருக்காது. ஃபிக்ஸரில் (துண்டுகளை இடத்தில் பிடித்துவைக்கும் சட்டத்தில்) கிளாம்ப் போட்ட பிறகும் விளிம்புகளுக்கு நடுவே 0.5 மி.மீ.க்கு மேல் இடைவெளி தங்கினால், ரோபோவுக்கு அது தெரியாது. சொல்லிக்கொடுத்த பாதையில் போய்க்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் ஓட்டை விழும், அல்லது ஒரு தகட்டில் மட்டும் உருகி மற்றதில் ஒட்டாமல் நிற்கும். டார்ச் நுனியில் வயரை வழிநடத்தும் கான்டாக்ட் டிப் தேய்ந்துவிட்டால் 1 மி.மீ. வயர் அரை மி.மீ. விலகுவது சாதாரணம். 2.3 மி.மீ. தகட்டில் அந்த அரை மி.மீ. போதும், ஊடுருவல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். வெளியே பார்த்தால் பீட் அழகாகவே இருக்கும்.

வெளியே தெரியாததால்தான் இது பெரிய பாடு. ஊடுருவலை அறிய ஆர்மை அறுத்து, மெருகேற்றி, நைட்டால் என்ற அமிலக் கரைசலில் அரித்து, தொண்டை அளவையும் (பீட்டின் தடிமன்) ஊடுருவல் ஆழத்தையும் அளக்க வேண்டும். அறுத்த ஆர்ம் ஸ்கிராப். ஷிஃப்டுக்கு ஒன்று அறுத்தால், முடிவு கைக்கு வரும்போது அதற்கு முந்தைய சரக்கு பெயின்ட் கூடத்தைத் தாண்டியிருக்கும். தவறு தெரிந்தால் நிறுத்திவைத்த சரக்கு முழுவதும் சந்தேகத்துக்குரியது. ஒற்றைத் தகட்டில் நாம் காவல் காக்க வேண்டியது வெட்டு விளிம்பை. அது ஒவ்வொரு துண்டிலும் கண்ணுக்குத் தெரியும், நகத்தால் தடவினாலும் தெரியும். எந்தப் பக்கம் சாய்வது என்பதை எங்களுக்கு முடிவு செய்தது இந்த ஒரு வேறுபாடுதான்.

பெயின்ட்டிலும் வெல்டிங் துரத்தும். ஈ.ஆர் 70எஸ்-6 ரக வெல்டிங் வயரில் உள்ள சிலிக்கானும் மாங்கனீசும் பீட் மேல் கண்ணாடி போன்ற பழுப்புத் திட்டுகளாகப் படிகின்றன. இவை மின்சாரம் கடத்தாதவை. சி.இ.டி பூச்சு (தொட்டியில் முக்கிப் பூசும் பெயின்ட்) மின்சாரத்தால் படிவது என்பதால், திட்டு இருக்கும் இடத்தில் பூச்சு ஒழுங்காகப் பிடிக்காது. உப்புத் தெளிப்புச் சோதனையில் முதல் துரு அங்கேதான் தலைகாட்டும். பெட்டியின் உட்புறம் இன்னும் மோசம். மின்புலம் உள்ளே எட்டாததால், வெளியே 20 மைக்ரான் ஏறும்போது உள்ளே பாதிகூட ஏறாமல் போகலாம். வடிகால் துளை சிறிதாக இருந்தால் ரசாயனம் உள்ளே தங்கி, சூளையில் கொதித்து வழிந்து தடம் விடும். சாலையில் அதே துளை சேற்றால் அடைபட்டால் தண்ணீர் பெட்டிக்குள் நிற்கும். கடற்காற்று வீசும் ஊர்களில் ஓடும் காருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ஒற்றைத் தகடு கேட்கும் விலையையும் சொல்ல வேண்டும். பின் புஷ் உட்காரும் காலரை (துளையைச் சுற்றி எழும் வளையச் சுவரை) அந்தத் தகட்டிலிருந்தே இழுத்து எடுக்கிறோம். 28 மி.மீ. துளை போட்டு 40 மி.மீ.க்கு விரித்தால் விளிம்பு 43% நீள்கிறது, 4 மி.மீ. தகடு காலர் நுனியில் 3.3-க்கு இறங்கும். இதை இழுவலிமை எண்ணைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஐ.எஸ்.ஓ 16630 முறையில் அளந்த துளை விரிவு விகிதத்தை (துளை விளிம்பு கிழியாமல் எவ்வளவு விரியும் என்பதை) கேட்க வேண்டும். ஃபெரைட்-பெய்னைட் என்ற உள்ளமைப்பு கொண்ட 590 தகடு 75% வரை தாங்கும். அதே 590 என்ற எண்ணோடு வரும் டூயல் ஃபேஸ் (மென்மையும் கடினமும் கலந்த உள்ளமைப்பு) தகடு 30, 40-க்குள் கிழிந்துவிடக்கூடியது. கொள்முதல் பிரிவு “ரெண்டும் 590 தானே” என்று மாற்றி வாங்கினால் காலர் வாயில் வரிசையாக வெடிப்பு விழும். துளையைப் பெரிதாக்கினால் வெடிப்பு வராது, ஆனால் காலர் குட்டையாகி, புஷ்ஷைப் பிடிக்கும் விசை குறைந்துவிடும்.

பிசிறு (துளைக்கும்போது விளிம்பில் எழும் கூர்முனை) எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அடுத்த கவனம். மேலிருந்து துளைத்தால் பிசிறு அடிப்பக்கம் வரும். காலரையும் மேலிருந்து கீழாகவே இழுத்தால் பிசிறு உள்ள விளிம்பு வெளிப்பக்கம் போய், அதிகம் நீளும் இடத்தில் நிற்கும். வெடிப்பு அங்கிருந்து தொடங்கும். காலரைக் கீழிருந்து மேலே இழுக்கும்படி டையை அமைத்தால் பிசிறு பஞ்ச்சைப் பார்த்து உள்ளே திரும்பிவிடும். டிசைன் மேசையில் செலவில்லாமல் முடியக்கூடிய இதை டை வெட்டிய பிறகு மாற்றினால் பாதி ஸ்டேஷனைப் புதிதாகச் செய்ய வேண்டும்.

கிளியரன்ஸ் (பஞ்ச்சுக்கும் டைக்கும் நடுவே விடும் இடைவெளி) ஒரு பக்கத்துக்கு தடிமனில் 12%, அதாவது 4 மி.மீ. தகட்டுக்கு 0.48 மி.மீ. வெட்டு முகத்தில் பளபளப்பான பட்டை இரண்டாகப் பிரிந்து தெரிந்தால் கிளியரன்ஸ் இறுக்கம். பிசிறு தடிமனில் 10%-ஐத் தாண்டினால் பஞ்ச் மழுங்கிவிட்டது, சாணைக்கு அனுப்ப வேண்டும். முனை உதிரும் வரை காத்திருந்தால் அரை மி.மீ.க்கு மேல் தேய்க்க நேரும். முன்கூட்டியே எடுத்தால் 0.1 முதல் 0.2 மி.மீ. போதும். சுமை அதிகம் வரும் வெட்டு விளிம்புகளை ரீஸ்ட்ரைக்கில் (மறுபடி அழுத்தும் கட்டத்தில்) லேசாக நசுக்கிவிட்டால் களைப்பு ஆயுள் கூடுகிறது.

சோதனைத் துண்டுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டை தயாராகும் முன் லேசரில் வெட்டிய பிளாங்க்கை (இன்னும் அழுத்தாத தட்டைத் துண்டை) வைத்து அழுத்திப் பார்ப்பது வழக்கம். லேசர் விளிம்பில் பஞ்ச் விளிம்பில் உள்ள நொறுங்கிய பட்டை இல்லை. அதனால் லேசர் துண்டு வெடிக்காமல் வந்துவிடும், அதே வடிவம் உற்பத்தி டையில் வெடிக்கும். காலருக்கான துளையையாவது தற்காலிகப் பஞ்ச்சில் போட்டுப் பார்த்தால்தான் அந்தச் சோதனைக்கு மதிப்பு.

இரட்டை ஷெல்லே சரி என்று சொல்லும் இடங்களும் உண்டு. டிரைவ் ஷாஃப்டுக்கும் தரைக்கும் நடுவே உயரம் கிடைக்காத காரில் ‘ப’ வடிவத்தின் சுவரை ஆழமாக இறக்க முடியாது. பெட்டிதான் முறுக்கத்தைத் தாங்கும். கனமான எஸ்.யு.வி.க்கும் இது பொருந்தும். கையில் 250 டன் பிரஸ்களும் ரோபோ செல்லும் ஏற்கெனவே இருக்கும் கடைக்கு, புதிய பெரிய பிரஸ் வாங்கும் முதலீட்டைவிட வெல்டிங் காவலே மலிவாக முடியலாம். 780 ரகத் தகட்டில் ஒற்றை ஆர்ம் செய்வதைப் பற்றி எங்களிடம் நீண்ட ஓட்ட அனுபவம் இல்லை. ஸ்பிரிங்பேக் காயிலுக்குக் காயில் மாறி, இரண்டு புஷ் அச்சுகளின் கோணம் தள்ளிப்போகும் என்பதால் 590-லேயே நிற்கிறோம்.

இரட்டை ஷெல் போகிறவர்கள் விளிம்பு இடைவெளியை ஃபிக்ஸரில் ஃபீலர் கேஜ் (இடைவெளியில் நுழைத்துப் பார்க்கும் மெல்லிய அளவுத் தகடு) வைத்து அளக்கும் புள்ளிகளை வரைபடத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். வடிகால் துளையை ஆர்ம் காரில் நிற்கும் நிலையில் மிகத் தாழ்ந்த புள்ளியில் வைக்க வேண்டும், சி.இ.டி தொட்டியில் தொங்கும் நிலைக்கு இன்னொன்று தனியாக வேண்டும்.