கிருஷ்ணகிரியில் வாங்கிய பெரிய எழுத்து விவிலியம்

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் திருப்பலி முடிந்து வரும்போது, கிருஷ்ணகிரியில் கோயிலை ஒட்டியிருக்கும் சின்னக் கடையில் அம்மாவுக்காகப் பெரிய எழுத்து விவிலியம் வாங்கினேன். கத்தோலிக்கரும் மற்ற சபையினரும் சேர்ந்து செய்து 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்புதான். கண்புரை உள்ள அம்மாவே தடுமாறாமல் வாசிக்கிறார். கனம் மட்டும் அதிகம், மடியில் தலையணை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

உண்மையில் அது எனக்குத்தான் அதிகம் உதவியது. ஓசூரில் வேலை போய் மூன்று மாதம், செபமே வரவில்லை, உட்கார்ந்தால் கடன் கணக்குதான் ஓடும். அப்படி ஒரு ராத்திரி அம்மா திருப்பாடல் 130ஐச் சத்தமாக வாசித்தார், விடியலுக்குக் காத்திருக்கும் காவலரைவிட ஆவலாக என் நெஞ்சம் ஆண்டவருக்குக் காத்திருக்கிறது என்று அதில் வரும், அதுவும் இரண்டு முறை. என் அப்பா குடோனில் ராக்காவல் பார்த்தவர். நாலு மணிக்குத்தான் இருட்டு ரொம்பக் கனம், ஆனால் விடியாமல் போனதே இல்லை என்பார். அன்றைக்கு அழுதுகொண்டே செபித்தேன். இப்போது தினமும் ஒரு திருப்பாடல், வெள்ளிக்கிழமை இயேசுவின் பாடுகளை நினைத்துச் செபிக்கும் சிலுவைப் பாதையின் 14 நிலைகளும் அம்மாவோடு.

அட்டை உறுதி, தாள்தான் மெல்லிசு, பார்த்துத் திருப்புங்கள். கடைக்காரர் பிரித்துப் பார்க்க விட்டார், அவசரப்படுத்தவில்லை. தங்கைக்கும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்.