விஸ்ட்ரீ: சி டிரைவ் எதனால் நிறைகிறது என்று காட்டும் மென்பொருள்

சி டிரைவ் சிவப்பானதும் ஏதாவதொரு ‘கிளீனர்’ மென்பொருளை இறக்கி ஓட்டுவது பலருக்கும் வழக்கம். அது எதை அழித்தது என்பதே கடைசிவரை தெரிவதில்லை. இடத்தைப் பிடித்திருப்பது எது என்ற கணக்குதான் முதலில் வேண்டும். விண்டோஸில் அந்த வேலைக்கு ஆன்டிபாடி சாஃப்ட்வேரின் விஸ்ட்ரீயைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சொந்த உபயோகத்துக்கு இலவசம். அலுவலகத்துக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும். இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டும் போர்ட்டபிள் பதிப்பும் உண்டு.

இதன் பலம் வேகம். ஃபோல்டர் ஃபோல்டராக நுழைந்து எண்ணாமல், என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான ஃபைல் அமைப்பு) டிரைவின் மாஸ்டர் ஃபைல் டேபிளை, அதாவது எல்லா ஃபைல்களின் பட்டியலை, நேராகப் படித்துவிடுகிறது. டிஸ்க்கைப் படிக்கும் ஊசி போன்ற ரீட் ஹெட் அங்குமிங்கும் அலைவது குறைவதால் பழைய ஹார்ட் டிஸ்க்கில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆனால் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். எக்ஸ்ஃபேட் என்ற வேறு ஃபைல் அமைப்பு உள்ள பென்டிரைவிலும் நெட்வொர்க் டிரைவிலும் இந்த வேகம் கிடைக்காது.

ஸ்கேன் முடிந்ததும் ‘ஃபைல் வியூ’வுக்குப் போங்கள். பெரிய ஃபைல்கள் மேலிருந்து கீழாக வரிசையில் நிற்கும். அடிக்கடி முதலில் வருவது ஹைபர்ஃபில்.சிஸ் (ஹைபர்நேட்டுக்காக, அதாவது திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு கணினியை அணைப்பதற்காக, விண்டோஸ் வைத்திருக்கும் ஃபைல்): ராமின் அளவில் சுமார் 40 சதவீதம், அதாவது 16 ஜிபி ராமுக்கு 6 ஜிபிக்கு மேல். இதைக் கையால் அழிக்க முடியாது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்’ (powercfg /h off) கொடுத்தால் போய்விடும். கூடவே ஹைபர்நேட்டும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும். ராம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ்ஃபைல்.சிஸ்ஸைத் தொடாதீர்கள். ‘மொபைல்சிங்க்’ ஃபோல்டர் பெரிதாக இருந்தால் அது பழைய ஐபோன் பேக்கப். ஐடியூன்ஸ் வழியாகவே நீக்குங்கள். அடோபி பிரீமியரில் வீடியோ எடிட் செய்பவர்களுக்கு ‘மீடியா கேஷ் ஃபைல்ஸ்’ வீங்கியிருக்கும். பிரீமியரை மூடிவிட்டு அதைத் தாராளமாக அழிக்கலாம், தேவைப்பட்டால் தானே மறுபடி உருவாக்கிக்கொள்ளும்.

என் குறை ஒன்று உண்டு. அழிக்கக் கூடாதது எது என்று விஸ்ட்ரீ சொல்லித் தருவதில்லை. விண்டோஸுக்குள் இருக்கும் ‘இன்ஸ்டாலர்’ ஃபோல்டர் வீண் குப்பை போலத் தெரியும். அதைக் காலி செய்தால் பிறகு ஆபீஸ் போன்றவற்றை அப்டேட் செய்யவோ நீக்கவோ முடியாமல் திண்டாடுவீர்கள். விண்டோஸின் பாகங்களைச் சேமித்து வைக்கும் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ ஃபோல்டரும் அப்படித்தான். ஹார்ட் லிங்க்குகளையும் (ஒரே ஃபைலுக்கு இருக்கும் வேறு பெயர்களையும்) சேர்த்து எண்ணுவதால் எக்ஸ்ப்ளோரரில் அது உண்மையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அதையும் பழைய விண்டோஸ் பதிப்பை வைத்திருக்கும் ‘விண்டோஸ்.ஓல்ட்’டையும் விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் கிளீனப்பின் ‘கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ வழியாகத்தான் குறைக்க வேண்டும். கையால் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போயிருந்தால், அதைக் காலி செய்தால்தான் இடம் திரும்பும்.

டிஸ்க்கின் ஆரோக்கியத்தையும் இது பார்க்காது. அதற்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் தனியாக ஓட்டுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ‘கரன்ட் பெண்டிங் செக்டார்’ (சரியாகப் படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் பகுதிகள்) எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் இடம் காலி செய்யும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, முக்கியமான ஃபைல்களை வேறு டிரைவுக்கு உடனே காப்பி எடுங்கள்.