குளிர்கால ஏற்றம் பழக: கெய்ர்ன்கார்மா, பென் நெவிஸா?

ஸ்காட்லாந்தில் வழிகாட்டியோடு பனியேற்றம் பழகப் போகிறவர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது மலையைத்தான்.

கெய்ர்ன்கார்மில் பனிச்சறுக்கு மையத்தின் கார் நிறுத்தத்திலிருந்து சுமார் ஒரு மணி நேரம் நடந்தால் கொரி அன் ட்னெக்டா என்ற மலைக்குடைவு வந்துவிடும். அதனால் கற்கவே நேரம் நிறைய மிஞ்சும். சறுக்கி விழும்போது பனிக்கோடரியைக் குத்தி உடலை நிறுத்துவதை, அடியில் பாறையில்லாத சரிவில், தலைகீழாகவும் மல்லாந்தும் விழுந்து விழுந்து பழக வேண்டும். காலணியடியில் மாட்டும் கிராம்பானின் முள் கால்சட்டையில் சிக்காமல் கால் அகட்டி நடப்பதும் அங்கேதான் கைவரும். என்னைக் கேட்டால், முதல் இரண்டு நாளும் இதற்கே போகட்டும். காற்று மட்டும் கொடுமையாக வீசும்.

1345 மீட்டர் பென் நெவிஸின் வடக்கு முகம் வேறு உலகம். அதன் அடியில், மலையேறுவோர் தங்க 1929இல் திறந்த சி.ஐ.சி. குடிலுக்கு ஏறவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் டவர் ரிட்ஜ் போன்ற நீண்ட முகடுகளில் கயிறு கையாளுதல், நேரக் கணக்கு, இருட்டில் இறங்குதல் எல்லாம் ஒரே நாளில் பாடமாகும். அடிப்படை தெரிந்தவருக்கே அது.

எங்கே போனாலும், அன்றைய பனிச்சரிவு முன்னறிவிப்பை வழிகாட்டியோடு உட்கார்ந்து படியுங்கள். எந்தச் சரிவை ஏன் தவிர்க்கிறார் என்று கேளுங்கள்.