வாக்குச்சீட்டின் கீழ்ப்பாதி: ஜெர்மனியின் சிறு கட்சிகளுள் யாருக்கு?

2024 ஜூனில் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஜெர்மனியில் 35 கட்சிகள் நின்றன. 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்களுக்காகப் புத்தகமாகவே அச்சடிக்கப்பட்ட வாக்குச்சீட்டை அறிந்த நமக்கு இந்த எண்ணிக்கை வியப்பளிக்காது. ஆனால் மொடக்குறிச்சியில் நின்றவர்களில் மிகப் பலர் எதிர்ப்பைப் பதிவு செய்யவே நின்றார்கள். ஜெர்மானியச் சீட்டின் கீழ்ப்பாதியில் இருக்கும் கட்சிகளுக்கோ உண்மையிலேயே இடம் கிடைக்கிறது. நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் ஐரோப்பியத் தேர்தலுக்கான 5 விழுக்காட்டுத் தடையை (அதற்குக் குறைவாக வாக்குப் பெறும் கட்சிக்கு இடமில்லை என்ற விதியை) 2011இலும், அதற்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட 3 விழுக்காட்டுத் தடையை 2014 பிப்ரவரியிலும் நீக்கிவிட்டதால், 96 இடங்களில் ஒன்றைப் பெற ஏறத்தாழ 0.6 விழுக்காடு வாக்குகளே போதுமானவை. அதனால் 2014இல் தீவிர வலதுசாரி என்.பி.டி. கட்சியும் ஒரு விழுக்காட்டில் ஓர் இடம் பெற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதலில், பெயராலேயே கேலி செய்யும் டீ பார்ட்டாய். இச்சொல்லுக்கு ஜெர்மன் மொழியில் 'கட்சி' என்பதே பொருள். அதையே உழைப்பு, சட்டத்தின் ஆட்சி, விலங்குப் பாதுகாப்பு, மேட்டுக்குடியினரை ஊக்குவித்தல், அடித்தட்டு ஜனநாயக முயற்சி ஆகியவற்றின் சுருக்கமாகவும் விரித்துக் கொண்டார்கள். 'டைட்டானிக்' என்ற நையாண்டி இதழின் ஆசிரியர்கள் 2004இல் தொடங்கிய இக்கட்சி, பெர்லின் சுவரைத் திரும்பக் கட்டுவதாகவும் பீர் விலைக்கு உச்சவரம்பு விதிப்பதாகவும் வாக்குறுதி தந்தது. 2014இல் 0.6 விழுக்காட்டுடன் மார்ட்டின் சோன்னபோர்ன் நாடாளுமன்றம் சென்றார். மாதம் ஒருவர் பதவி விலகி அடுத்தவருக்கு வழிவிட்டால் பட்டியலில் உள்ள அனைவரும் ஊதியம் பெறலாம் என்று அறிவித்திருந்த அவர், இறுதிவரை தாமே இருந்தார். தீர்மானங்களுக்கு மாறி மாறி ஆம் என்றும் இல்லை என்றும் வாக்களிப்பது அவருடைய வழக்கமாயிற்று.

இவ்வளவையும் வெறும் கூத்து என்று ஒதுக்கலாம். நான் ஒதுக்க மாட்டேன். ஜெர்மனியில் கட்சிகளுக்கு அரசு தரும் நிதி, அவை தாமே ஈட்டும் வருமானத்தை மிஞ்சக் கூடாது. இதைப் பயன்படுத்தி வலதுசாரி ஏ.எஃப்.டி. கட்சி தங்கம் விற்றுத் தன் வருமானக் கணக்கைப் பெருக்கிக் கொண்டபோது, டீ பார்ட்டாய் ஒரு படி மேலே போய்ப் பணத்தையே விற்றது: பணம் அனுப்பியவர்களுக்குப் பெரும்பகுதியை நோட்டாகவே திருப்பி அனுப்பி, வந்த தொகை முழுவதையும் வருமானமாகக் காட்டியது. பின்னர் சட்டம் திருத்தப்பட்டு, இத்தகைய விற்பனையில் செலவு போக மிஞ்சுவது மட்டுமே கணக்கில் சேரும் என்றாயிற்று. எதிர்க்கட்சி வரிசையிலிருந்து ஆயிரம் கேள்விகள் கேட்டிருந்தாலும் அந்த ஓட்டை இவ்வளவு தெளிவாக வெளிப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

விலங்குப் பாதுகாப்புக் கட்சி இதற்கு நேர் எதிர். 1993இல் தொடங்கப்பட்ட இது, பண்ணைத்தொழிலில் விலங்குகளை அடைத்து வளர்ப்பதையும் அவற்றின் மீதான ஆய்வுச் சோதனைகளையும் ஒழிக்க வேண்டும் என்று முழு மனத்துடன் கேட்கிறது. 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் ஓர் இடம் பெற்றது. இதைவிட நிலையான ஆதரவு சிறு கட்சிகளில் அரிது. ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்தவர்களைப் பாருங்கள். 2014இல் வென்ற ஸ்டெஃபான் எக் சில மாதங்களிலேயே கட்சியை விட்டு விலகினார். 2019இல் வென்ற மார்ட்டின் புஷ்மான், முன்பு அதே என்.பி.டி.யில் பொறுப்பு வகித்தது வெளியானதும் 2020இன் தொடக்கத்தில் வெளியேறினார். இருவருமே பதவியை விடவில்லை, ஆதலால் இக்கட்சிக்கு விழுந்த வாக்குகள் பத்தாண்டுகளில் பெரும்பகுதியைக் கட்சியில்லாத இருவரைப் பராமரிக்கவே பயன்பட்டன. 2024இல் வென்ற செபாஸ்டியன் எவர்டிங் இடதுசாரிக் குழுவில் அமர்ந்திருக்கிறார் (ஒத்த கருத்துள்ள பல நாட்டு உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் சேர்ந்து அமைப்பதே குழு).

வாக்காளர் கட்சியின் வேட்பாளர் பட்டியலுக்கே வாக்களிக்கிறார்; அதன் வரிசையை அவர் மாற்ற இயலாது. ஒரே ஓர் இடம் வெல்லும் கட்சி என்பது நடைமுறையில் பட்டியலின் முதல் பெயர்தான். இதைக் கவனியாமல் கொள்கை அறிக்கையை மட்டும் வரி வரியாக ஒப்பிடுவது, மாப்பிள்ளையைப் பாராமல் ஜாதகத்தை மட்டும் பார்ப்பது போன்றது.

கடற்கொள்ளையர் கட்சி இவ்விதிக்கு நல்ல சான்று. பதிப்புரிமைச் சீர்திருத்தம், இணையத் தனியுரிமை என்ற குறுகிய வட்டத்தில் நின்ற இக்கட்சிக்கு 2014இல் கிடைத்த ஒரே இடத்தில் ஃபெலிக்ஸ் ரேடா அமர்ந்தார். பதிப்புரிமை பற்றிய நாடாளுமன்ற அறிக்கையை 2015இல் எழுதியவர் அவரே; பயனர்கள் இணையத்தில் ஏற்றுவதைத் தானாகவே சோதித்துத் தடுக்கும் பதிவேற்ற வடிகட்டிகளை எதிர்த்த இயக்கத்தின் முகமாகவும் அவர் ஆனார். அவற்றுக்கு வழிவகுத்த பதிப்புரிமைச் சட்டம் 2019 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது என்றாலும், ஒற்றை உறுப்பினர் ஒருவர் கண்டம் தழுவிய விவாதத்தைக் கிளப்பிவிட்டார். அதே மாதத்தில், கட்சியின் பட்டியலில் இருந்த ஒருவரை முன்னிட்டு, தம் கட்சிக்கு வாக்களிக்க வேண்டாம் என்று அவரே கேட்டுக் கொண்டார். அடுத்து வந்த பாட்ரிக் பிரையர், தனிப்பட்ட செய்திகளை ஒட்டுமொத்தமாகத் துருவும் திட்டத்துக்கு எதிராகப் பசுமைக் குழுவின் சார்பில் பேச்சுவார்த்தையில் பங்கேற்றார். இங்கே ஒப்பிடும் நான்கு கட்சிகளில் ஒரு வாக்குக்கு மிகுதியான வேலை கிடைத்தது இங்கேதான் என்பது என் கணிப்பு. ஆனாலும் 2024இல் 0.5 விழுக்காடே பெற்று அந்த இடத்தை இழந்தார்கள்.

சூழலியல் ஜனநாயகக் கட்சியை நாடாளுமன்றத்தில் வைத்து மட்டும் எடை போடுவது நேர்மையாகாது. 1982இல் தோன்றிய இக்கட்சி நிறுவனங்களிடம் நன்கொடை வாங்குவதில்லை. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், குடிமக்களே கையொப்பம் திரட்டிச் சட்டம் கோரும் மக்கள் முன்னெடுப்பு என்ற கருவியைக் கையில் எடுத்து, மாநில மேலவையை ஒழிக்க 1998இலும், உணவகங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்ய 2010இலும் வழிவகுத்தது. தேனீக்களைக் காக்கும் 2019 முன்னெடுப்புக்கு 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். ஐரோப்பிய அவையில் கதை வேறு. இக்கட்சியின் மானுவேலா ரிப்பா 2024இல் பசுமைக் குழுவிலிருந்து விலகி நடு-வலதுசாரி ஐரோப்பிய மக்கள் கட்சிக் குழுவில் சேர்ந்தார். இயற்கை மீட்புச் சட்டத்தை எதிர்த்துப் பரப்புரை செய்த குழு அது. பெரிய குழுவில் இருந்தால் செல்வாக்கு கூடும் என்று வாதிடலாம். எனினும் சூழலுக்காக வாக்களித்தவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அங்கே எஞ்சி நிற்கிறது.

முதுமையைத் தள்ளிப்போடும் மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி வேண்டும் என்ற ஒரே கோரிக்கையுடன் நிற்கும் கட்சியும் உண்டு. கோரிக்கை பழுதில்லை, ஆனால் ஓர் இடத்துக்கு அருகில்கூட அது வந்ததில்லை. அரசு நிதிக்கான 0.5 விழுக்காட்டையும் அது எட்டவில்லை.

ஆகவே வாக்காளர் முதலில் பட்டியலின் முதல் பெயரையும், அவர் எந்தக் குழுவில் அமர்வார் என்பதையும், கொள்கை அறிக்கையை அதன் பின்னரும் பார்ப்பதே தகும். இந்த அளவுகோலில் விலங்குகளுக்காக மட்டுமே வாக்களிப்பவருக்கு எவர்டிங் முந்தைய இருவரைவிட நம்பகமானவராகத் தெரிகிறார்; எந்தக் குழுவிலும் சேராத சோன்னபோர்னிடமிருந்து சட்டத்திருத்தங்களை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். அவருடன் 2019இல் வென்ற நிக்கோ செம்ஸ்ராட், சோன்னபோர்னின் ஒரு நகைச்சுவையைக் கண்டித்து 2021இல் கட்சியை விட்டு விலகியதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்தத் தெரிவே விரைவில் இல்லாமல் போகக்கூடும். பெரிய நாடுகளில் குறைந்தது 2 விழுக்காட்டுத் தடை வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018ஆம் ஆண்டு முடிவுக்கு ஜெர்மனி ஒப்புதல் தந்துவிட்டது. அதை எதிர்த்து டீ பார்ட்டாய் தொடுத்த வழக்கும் 2024 பிப்ரவரியில் தள்ளுபடியானது. எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்பினால்தான் அது நடைமுறைக்கு வரும். வந்தால், 2024இல் 1.9 விழுக்காட்டில் இரண்டு இடங்கள் பெற்ற டீ பார்ட்டாய் உட்பட, இங்கே ஒப்பிட்ட ஒரு கட்சிக்கும் அதே வாக்குகளால் இடம் கிடைக்காது.